பச்சைத் தோல் அட்டையில் ஒரு பொட்டு

துடைத்திருக்கக் கூடாது. துடைக்காமல் வேறு என்ன செய்வதாம்? நூறு வருஷத்துக்கு மேலான தோல் அது. ஈரச் சந்தனத்தை அதன்மேல் அப்படியே விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க முடியுமா? சந்தனத்தோடு நின்றிருந்தாலாவது காய்ந்த பிறகு பஞ்சால் ஒற்றி எடுத்திருக்கலாம். அதன்மேல் குங்குமம் வேறு. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து வீட்டில் செய்த குங்குமமாக இருந்தாலும் ஏதாவது வழி தேடலாம், இது கடைக் குங்குமம், வெறும் சாயம், தோலுக்குள் இறங்கிவிட்டால் இறங்கியதுதான். தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டேன். அதுதான் தப்பு. ஒற்றியிருக்க வேண்டும். எந்தக் கறையானாலும் ஒற்றித்தான் எடுக்க வேண்டும், தேய்க்கவே கூடாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன் நான். வாழ்நாள் பூராவும் பழைய புத்தகங்களும் நல்ல அட்டைகளுமாகச் சேர்த்துச் சேர்த்து என்ன கற்றுக்கொண்டேனாம், கை அது பாட்டுக்கு இழுத்துவிட்டது. இப்போது அந்தப் பச்சை அட்டையில் ஒற்றைக் காலில் நிற்கிற தங்க நாரையின் நெற்றியிலிருந்து கழுத்து வழியாக நெஞ்சு வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு. மணைமேல் சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகம் அப்படியே இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கீழ் வீட்டுக் கஸ்தூரி போய்விட்டாள். சந்தனக் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, எப்போதும் சொல்கிற "வரேன் சார்" கூடச் சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

கோபித்துக்கொண்டு போனால் போகட்டும். என் புத்தகம், என் அட்டை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, வைக்கட்டுமா சார் என்று. வருஷா வருஷம் வைக்கிறவள்தானே, ஆனால் வருஷா வருஷம் நான் புத்தகங்களைச் செய்தித்தாளில் சுற்றி வைப்பேன், அவள் செய்தித்தாளின்மேல் பொட்டு வைப்பாள், அவளுக்கும் திருப்தி எனக்கும் திருப்தி. இந்த வருஷம் சுற்றாதே என்று சொன்னவள் அவள்தான். முந்தாநாள் பால் பாக்கெட் கொடுக்க வந்தவள் வாசற்படியிலேயே நின்றுகொண்டு சொன்னாள். "இந்த வாட்டி மூடாம வைங்க சார். இருக்கறதுலயே நல்ல புத்தகமா எடுத்து வைங்க. அவுரு போன் பண்ணி ஒரு வாரத்துக்கு மேல ஆயிடுச்சி. மனசு ஒரு மாதிரி இருக்கு." அவர் என்றால் அவள் புருஷன் தணிகைவேல். சரக்குக் கப்பலில் சமையல் வேலை. வருஷத்தில் பாதிக்கு மேல் கடலில்தான். துறைமுகம் வந்தால் போன் வரும், நடுக்கடலில் வராது, அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் இந்தத் தடவை துறைமுகம் சேர்ந்திருக்க வேண்டிய நாள் கடந்துவிட்டதாம். நான் பெரிய மனுஷன் மாதிரி, "வந்துடும்மா, சிக்னல் கிடைச்சிருக்காது" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. இருப்பதிலேயே நல்ல புத்தகம் என்று அவள் கேட்ட பிறகு இரண்டாம் தரத்தைத் தூக்கி வைக்க மனசு வரவில்லை. வறட்டுப் பெருமையும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். பீரோவைத் திறந்து, பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்த பறவைப் புத்தகத்தை எடுத்து, இன்று காலையில் மணைமேல் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தேன். பச்சை ஆட்டுத்தோல், நாலு மூலையிலும் தங்க ரேக்கில் நாணல், நடுவில் நாரை. அவள் உள்ளே வந்ததும், "அய்யோ, எவ்ளோ அழகு!" என்று சந்தனக் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. தீப்பெட்டி எடுக்க நான் அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் பாட்டு காதைக் கிழிக்கிறது. ஆயுதபூஜை என்றால் அவர்களுக்கு ஸ்பீக்கர்தான் ஆயுதம். வண்டிக்கு வண்டி வாழைக்கன்று, மாவிலை, கண்ணாடி மறைகிற அளவுக்கு மாலை. யாரோ பூசணிக்காய் உடைக்கிறான், உடைகிற சத்தம் மாடி வரைக்கும் வருகிறது. உள்ளே குங்குமம் கொட்டி வைத்திருப்பார்கள், ரோடு பூராவும் சிவப்பாகச் சிதறும், சாயங்காலம் அதில் எவனாவது ஸ்கூட்டரோடு வழுக்கி விழுவான். சிவப்பு. மறுபடியும் சிவப்பு. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஒற்றினால் என்ன? தங்க ரேக்கு போய்விடும். பாலில் நனைத்த துணி? தோலில் பால் நாற்றம் நிற்கும், பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி. ரொட்டியின் உள் சதையை உருட்டித் தேய்க்கலாம் என்று சிநேகிதன் கனகசபாபதி சொல்லியிருக்கிறான், ஆனால் அது காகிதத்துக்கு, தோலுக்கு இல்லை. சும்மா விட்டுவிட்டால்? உலர உலரக் கருஞ்சிவப்பாகும். எப்படியும் இன்றைக்குத் தொடக் கூடாது. பூஜையில் வைத்த புத்தகத்தை நாளைக் காலை மறுபூஜை ஆகும்வரை தொடவும் கூடாது, படிக்கவும் கூடாது. நான் பெரிய பக்திமான் ஒன்றும் இல்லை, கோயிலுக்குப் போய் வருஷக்கணக்காகிறது. ஆனால் இந்த ஒரு நாள் விஷயத்தில் மட்டும் கை நீளமாட்டேன் என்கிறது. சின்ன வயசில் இந்த நாளுக்காக ஏங்கிக் கிடந்திருக்கிறேன், படிக்கவே கூடாது என்று பெரியவர்களே சொல்கிற ஒரே நாள். இப்போது என்னவென்றால், படிக்காதே என்று இன்றைக்குச் சொல்லித்தான் நான் படிக்காமல் இருக்கிறேனா? மற்ற நாட்களில் மட்டும் என்ன கிழிக்கிறேன்?

கஸ்தூரி ஒருமுறை கேட்டாள், இதே அறையில், சுவரெல்லாம் பார்த்துவிட்டு. "இம்மாம் புத்தகத்தையும் படிச்சிட்டீங்களா சார்?" புத்தகம் வைத்திருக்கிறவனை எல்லோரும் கேட்கிற கேள்விதான். நான் கொஞ்சமும் தயங்காமல், "ஆமாம்மா, ஏறக்குறைய" என்றேன். பொய். பாதிக்கு மேல் இங்கிலீஷ், ரயில்வேயில் டிராயிங் போர்டு முன்னால் நின்று கழித்தவனுடைய இங்கிலீஷுக்கு எட்டாத இங்கிலீஷ். இரண்டு பிரெஞ்சு. ஒன்று என்ன பாஷை என்றே தெரியாது, முதுகில் பதித்த திராட்சைக் கொடிக்காக வாங்கினேன். நான் படிப்பதற்காக வாங்கவில்லை. அட்டைக்காக வாங்கினேன், படங்களுக்காக வாங்கினேன், ஒவ்வொரு படத்தின்மேலும் வெங்காயத் தோல் அளவு மெலிசாக ஒரு தாள் படுத்திருக்குமே, அதை விரல் நுனியால் தூக்கும்போது வருகிற அந்தச் சின்னச் சரசரப்புக்காக வாங்கினேன். தாளைத் தூக்கியதும் கீழே ஒரு மீன்கொத்தி, யாரோ எப்போதோ கையால் வண்ணம் தீட்டியது, கண்ணில் ஒரு புள்ளி வெள்ளை. அந்தப் புள்ளியை வைத்தவள் யார்? பெண்கள்தான் வரிசையாக உட்கார்ந்து வண்ணம் தீட்டுவார்களாம், ஒருத்தி நீலம் மட்டும், ஒருத்தி பழுப்பு மட்டும் என்று. கடைசியாக இருந்தவள் கண்ணுக்குப் புள்ளி வைத்திருப்பாள். ஒரு நாளைக்கு எத்தனை கண் வைத்திருப்பாளோ. அவள் வைத்ததும் பொட்டுதான், கஸ்தூரி வைத்ததும் பொட்டுதான். அட, எங்கே சுற்றினாலும் அங்கேயே வந்து நிற்கிறது பார்.

கனகசபாபதியாக இருந்தால் என்ன செய்திருப்பான்? கையை வெட்டியிருப்பான். இந்தப் பறவைப் புத்தகம் அவனுடையதுதான். நாங்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபாதைக் கடைகளைச் சுற்றுவோம், யாருக்கு எது கிடைத்தது என்று காபிக்கடையில் உட்கார்ந்து பொறாமைப்படுவோம். அவனுக்கு இது கிடைத்த அன்றைக்கு எனக்குக் காபி இறங்கவில்லை. அவன் வீட்டுக்குப் போனால் முதலில் கையைக் கழுவச் சொல்வான், துடைக்கத் துண்டு கொடுப்பான், அதற்கப்புறமும் தொட விடமாட்டான். "நான் திருப்பறேன், நீ பாரு" என்பான். இருபது வருஷ சிநேகிதத்தில் இந்தப் புத்தகத்தை நான் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. அவன் போன பிறகு பிள்ளைகள் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டார்கள். நடைபாதையில் வாரப்பத்திரிகைகளுக்கும் இஞ்சினியரிங் கைடுகளுக்கும் நடுவில் பச்சையாக ஒரு மூலை தெரிந்தது. அதைப் பார்த்ததும் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான், துக்கம் அப்புறம்தான் வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து கையைக் கழுவிக்கொண்டேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். யாரிடம் காட்டுவது என்று யோசித்தால், ஒரு ஆள் இல்லை. ஏழெட்டுப் பேரில் மிச்சம் இருப்பவன் நான் ஒருவன்தான், அவர்களுடைய புத்தகமெல்லாம் ஒன்று இரண்டாக என் சுவருக்கு வந்து சேர்ந்துவிட்டது. பெயர் எழுதிய முதல் பக்கங்களைத் திருப்பினால் எல்லோரும் இருக்கிறார்கள். எனக்கு அப்புறம் இதெல்லாம் எந்த நடைபாதைக்குப் போகும், யாருடைய காபி இறங்காது என்று சில நாள் யோசிப்பேன். முதலில் நான் போனது யாருக்குத் தெரியும் என்பதே ஒரு கேள்வி. கஸ்தூரிக்குத் தெரியும். வாசலில் வைத்த பால் பாக்கெட்டை எடுக்கவில்லை என்றால் கதவைத் தட்டுவாள். ஒரு தடவை ஜுரத்தில் எழுந்திருக்காமல் கிடந்தபோது தட்டித் தட்டி, கடைசியில் தணிகைவேலைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளையே கழற்ற வைத்துவிட்டாள். அன்றைக்குக் கூட நான் கேட்ட முதல் கேள்வி, தாழ்ப்பாளைக் கழற்றும்போது அலமாரியில் இடிக்கவில்லையே என்பதுதான். அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை, கஞ்சியைக் கலக்கிக்கொண்டே, "உங்க புத்தகத்துக்கு ஒண்ணும் ஆவல, குடிங்க" என்றாள்.

நாளைக் காலையில் பால் பாக்கெட் இருக்குமா? அதுதான் விஷயம். கறையைப் பற்றி இவ்வளவு நேரம் பினாத்தினேனே, உள்ளே உட்கார்ந்து குடைவது இதுதான். நாளைக்கு இல்லாவிட்டால் நானே போய் வாங்கிக்கொள்ளலாம், கடை தூரமில்லை, முட்டி வலிக்கும், அவ்வளவுதானே. அவ்வளவுதானா? வீட்டில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு குரல் கிடையாது, "சார்" என்று படியில் கேட்கிற அந்த ஒரு குரலும் நின்றுவிட்டால் அப்புறம் இந்த வீட்டில் நானும் புத்தகம் அரிக்கிற வெள்ளிப்பூச்சியும்தான். என்ன பெரிதாகச் செய்துவிட்டேன், திட்டினேனா? ஒரு வார்த்தை பேசவில்லையே. பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. மறுபடியும் நினைத்துப் பார்க்கிறேன். அடுப்படியிலிருந்து தீப்பெட்டியோடு வருகிறேன். அவள் குனிந்து, மோதிர விரலால் நாரையின் நெற்றியில் குங்குமத்தை அழுத்துகிறாள், குழந்தைக்கு வைப்பது போல அவ்வளவு பதமாக. நான் "ஐயோ" என்கிறேன். துண்டு. இழுப்பு. சிவப்பு. அவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை, புத்தகத்தைப் பார்த்தாள், அப்புறம் அவள் கை மேலே போயிற்று. எங்கே போயிற்று? தலைமுடியை ஒதுக்கவில்லை. முந்தானையைச் சரி செய்யவில்லை. நெற்றிக்குப் போயிற்று. தன் நெற்றிப் பொட்டை, இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி, இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

கடவுளே. அதையா செய்தேன். புருஷனிடமிருந்து போன் வரவில்லை என்று தவித்துக்கொண்டிருக்கிறவள், அவனுக்காக இருப்பதிலேயே நல்ல புத்தகத்தை வைக்கச் சொன்னவள், பூஜை நாளில், சாமி முன்னால், தன் கையால் வைத்த குங்குமம். அதை அவள் கண்ணெதிரே துண்டால் துடைத்து எறிந்திருக்கிறேன். குங்குமத்தைத் துடைப்பது என்றால் என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் சின்னக் குழந்தைக்குத் தெரியும். எனக்கு அதில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. எனக்குக் கிடையாது என்பதற்காக அவளுக்கு வலிக்காதா? நான் தோலைப் பார்த்தேன், தங்கத்தைப் பார்த்தேன், நாரையைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற மனுஷியைப் பார்க்கவில்லை. அவள் கோபித்துக்கொண்டு போகவில்லை. பயந்துகொண்டு போயிருக்கிறாள். இப்போது கீழே தனியாக உட்கார்ந்து என்னவெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறாளோ. கப்பல், காற்று, தண்ணீர். கீழிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவள் வீட்டில் எப்போதும் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும், மிக்ஸியோ டிவியோ, இன்றைக்கு ஆட்டோக்காரன் பாட்டு நிற்கிற இடைவெளியில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாலும் ஒன்றும் இல்லை. போன் அடிக்காதா? அடித்தால் இங்கே கேட்குமோ என்னவோ. அடி, சனியனே, ஒரு தடவை அடித்துத் தொலை.

நல்ல புத்தகம் கேட்டாள். முதல் வருஷமும் ஒரு புத்தகம்தான் கேட்டாள். குடிவந்த புதிது, அப்போது முகம்கூடச் சரியாகப் பழகவில்லை. "சார், பூஜைக்கு வைக்க வீட்ல ஒரு புத்தகம் இல்ல. கேஸ் புக்குதான் இருக்குது, அதையா வைக்கறது? ஒண்ணு குடுங்க சார், நாளைக்குத் திருப்பிக் குடுத்துடறேன்." நான் உள்ளே வந்து சுவர் சுவராகப் பார்த்தேன். இது கொடுக்க முடியாது, இது அரிது, இதன் முதுகு விட்டிருக்கிறது, இது கனகசபாபதி கையெழுத்து போட்டது. ஆயிரக்கணக்கில் புத்தகம் வைத்திருக்கிறவனுக்கு ஒரு நாள் இரவல் கொடுக்க ஒரு புத்தகம் கிடைக்கவில்லை. கடைசியில் டேபிள் ஃபேனுக்கு உயரம் போதவில்லை என்று அடியில் முட்டுக்கொடுத்திருந்த பழைய டெலிபோன் டைரக்டரியை உருவித் தூசி தட்டிக் கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "நல்லா தடியா இருக்கே சார்!" என்று அவ்வளவு சந்தோஷம். "திருப்பித் தர வேணாம், நீயே வச்சுக்கோம்மா" என்று கர்ண மகாராஜா கணக்காகச் சொன்னேன். அடுத்த வருஷத்திலிருந்து, இவ்வளவு புத்தகம் இருக்கிற இடத்தில் பூஜை இல்லாமல் இருக்கக் கூடாது என்று அவளே மேலே வந்து மணை போட்டுக் கோலம் போட்டு விளக்கேற்றிவிட்டுப் போகிறாள். நான் செய்தித்தாளில் சுற்றிக் கொடுக்கிறேன்.

அவள் கொண்டுவந்த டப்பா மணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. திறந்தால் கொண்டைக்கடலைச் சுண்டல், தேங்காயும் மாங்காயும் சீவிப் போட்டது, ஆறிப்போயிருக்கிறது. நின்றபடியே சாப்பிட்டேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மாங்காய்த் துண்டு பல்லில் பட்டுப் புளித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, புளிப்புக்காக இல்லை. டப்பாவைக் கழுவினேன். வெறும் டப்பாவாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. என் அடுப்படியில் என்ன இருக்கிறது, காப்பித்தூளும் சர்க்கரையும். சர்க்கரையைக் கொட்டினேன். கால் டப்பா வந்தது, மிச்சம் எறும்பு. டப்பாவை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தப் போனவன் திரும்பி மணையைப் பார்த்தேன். நாரையின் சிவப்புக் கோடு காய்ந்துவிட்டிருந்தது. போய் என்ன சொல்வது? மன்னித்துக்கொள் என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய். யாரிடம் சொல்லியிருக்கிறேன், சொல்கிற அளவுக்கு யார் பக்கத்தில் இருந்தார்கள்? ஒவ்வொரு படியாக, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். முட்டி ஒவ்வொரு படிக்கும் ஒரு தரம் முனகியது.

கதவு திறந்துதான் இருந்தது. கஸ்தூரி சுவரில் சாய்ந்து முட்டியைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"நீங்க ஏன் சார் எறங்கி வந்தீங்க? ஒரு குரல் குடுத்திருந்தா நான் வந்திருப்பேன்ல."

வந்திருப்பாளாம். டப்பாவை நீட்டினேன். திறந்து பார்த்தாள்.

"எதுக்கு சார் சர்க்கரையெல்லாம்?"

"சும்மா குடுக்கக் கூடாதில்ல" என்றேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பார்வையை உள்ளே ஓட்டினேன். மூலையில் மணை, மணைமேல் ஒரு சின்ன அம்மன் படம். படத்துக்கு முன்னால் அவளுடைய செல்போன், கண்ணாடியின் மேல் மூலையில் சந்தனமும் குங்குமமுமாக ஒரு பொட்டோடு. அதற்குப் பின்னால் செங்கல் பருமனுக்கு ஏதோ ஒன்று, அரக்குப் பட்டில், மேலே ஒரு முழம் மல்லிகையோடு. எனக்குப் புத்தி எங்கே போகும்? கண் நேராக மூலைகளுக்குப் போயிற்று. நாலு மூலையும் மடித்து உள்ளே தைத்திருந்தது, ஒரு நூல் வெளியே தெரியவில்லை. ஜரிகைக் கரை முதுகின்மேல் வளையாமல் நேராக ஓடியது. மேலட்டையில் வருஷத்துக்கு ஒன்றாக வைத்த பொட்டுகள், பழசு கறுத்து, புதுசு சிவந்து. நல்ல வேலை. அட்டை தெரிந்தவனுக்கு அது தெரியும்.

"இது என்னம்மா?"

"என் கல்யாண ரவிக்கத் துணி சார். தைச்சு மிச்சம் இருந்தத வீணாக்க மனசு வரல. நானே ஊசில தைச்சேன்."

"உள்ள?"

"மறந்துட்டீங்களா? நீங்க குடுத்ததுதான் சார், மொத வருஷம்."

"அது டெலிபோன் டைரக்டரிம்மா" என்றேன்.

"தெரியும் சார்," என்று சிரித்தாள், காலையிலிருந்து முதல் தடவையாக. "எனக்குப் படிக்கத் தெரியாதா? என்னவா இருந்தா என்ன, கேட்ட ஒடனே குடுத்தீங்க. நாளைக்குக் காலைல எடுத்து ஒரு பக்கமாவது படிக்கணும்ல, நான் எப்பவும் உங்க பேர் இருக்கற பக்கத்ததான் படிப்பேன். ஏகாம்பரம்னு ஒரு பத்தி முழுக்க இருக்காங்க. பெரம்பூர்னு போட்டது நீங்க."

நான் மணையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அழுகை வந்தது. வயசான காலத்தில் இன்னொருத்தி வீட்டு வாசலில் நின்று அழுவது அசிங்கம் என்று தொண்டையைச் செருமினேன். அவள் அதைக் கவனிக்காத மாதிரி டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். மூடி சரியாக உட்காரவில்லை, திரும்பத் திரும்ப அழுத்தினாள். அப்புறம் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. குங்குமத்தத் தொடச்சீங்களே... அதனால ஒண்ணும் ஆவாதில்ல?"

"ஒண்ணும் ஆகாதும்மா. எனக்குப் புத்தியில்ல. மேல வா, மறுபடியும் வை."

அவள் போனைப் பார்த்தாள். "மேல இருந்தா அது அடிக்கறது கேக்காது சார். சத்தம் கம்மி. பூஜையில வெச்சத எடுத்துட்டும் வரக் கூடாது."

"இரு" என்றேன்.

ஏறினேன். எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை, முட்டி இருந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. மணை முன்னால் ஒரு நிமிஷம் நின்றேன். நாளைக் காலைவரை தொடக் கூடாது. சரஸ்வதி பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும். கையைக் கழுவவில்லை, வேட்டியில் சுற்றவில்லை. பறவைப் புத்தகத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன், தரையில் கிடந்த சந்தனக் கிண்ணத்தை இன்னொரு கையில் எடுத்துக்கொண்டேன். குங்குமம் இருந்த சிமிழை ஜிப்பா பையில் போட்டேன். இந்த வீட்டுக்குள் வந்த எந்தப் புத்தகமும் இதுவரை இந்தக் கதவைத் தாண்டி வெளியே போனதில்லை, அந்த டைரக்டரியைத் தவிர. படியில் வெயில் அடித்தது. பச்சைத் தோல் வெயிலில் எப்படி இருக்கும் என்று இதுவரை எனக்குத் தெரியாது. பிடித்துக்கொள்ள ஒரு கையும் மிச்சமில்லை, சுவரில் தோளைத் தேய்த்துக்கொண்டே இறங்கினேன்.

கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டாள். "இன்னைக்கு எடுக்கலாமா சார்?"

"படிக்கத்தான கூடாது. இடம் மாத்தி வைக்கறேன், அவ்வளவுதான்."

மணையில் டைரக்டரிக்குப் பக்கத்தில், செல்போனுக்குப் பின்னால், நாரை மேலே தெரிகிற மாதிரி வைத்தேன். பட்டும் தோலும் பக்கத்தில் பக்கத்தில். போன் அடிக்கவில்லை. இரண்டு பேரும் ஒரு கணம் அதையே பார்த்தோம். அப்புறம் அவள் உட்கார்ந்து சந்தனத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். மோதிர விரலில் எடுத்தாள். விரல் அட்டைக்கு மேலே வந்து நின்றுவிட்டது.

"கறையாயிடும் சார்."

"ஆகட்டும்."

"எங்க வைக்கட்டும்?"

"காலைல வெச்ச எடத்துலயே," என்றேன். "கொஞ்சம் பெருசாவே வைம்மா."